சந்தனம் வைத்த மூன்று டிஸ்குகள்

பிரபாகரனின் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனை முட்டாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். முட்டாளாக இருந்தால் இந்தக் கதைக்கே அவசியமிருக்காது. முட்டாள்கள் செய்கிற தப்பைப் பேசித் தீர்க்க டீக்கடைகள் இருக்கின்றன.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் அவன் டி.டி.பி. பிரிவுக்குத் தலைவன். பிரிவு என்றால் அவனையும் சேர்த்து மூன்று பேர். ஆனால் ஆர்ட் கார்டில் மிச்சம் விழுந்த துண்டில் அவனாக அடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று தங்க நிறத்தில் இருந்தது. திருத்தங்கலில் அவன் வீட்டு மாடியறையில், அச்சகம் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்துச் சேர்த்து ஒரு சர்வர் உண்டாக்கியிருந்தான். அதற்கு லாரி பேட்டரி வைத்த யு.பி.எஸ். ஒன்று, ஜன்னலை அடைத்துக்கொண்டு சுற்றும் ஃபேன் ஒன்று. கதவில் 'ஹோம் லேப்' என்று ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டிய மூன்றாம் நாள் தெருக்கோடி வீட்டுத் தனுஷ்கோடி ஒரு சின்ன பாட்டிலைக் கையில் மறைத்துப் பிடித்தபடி மாடியேறி வந்து, சர்க்கரை பார்க்க எம்புட்டு ஆகும் என்று கேட்டார். அதற்கப்புறம் அந்த ஸ்டிக்கரின் மேல் முருகன் படம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலையில் மட்டும் ஆள் சுத்தம். எதுவானாலும் மூன்று காப்பி. சர்வரில் ஒன்று. அது எழுதப்படும்போதே பக்கத்து டிஸ்கில் தானாக இன்னொன்று. மூன்றாவது, தனி டிஸ்க். புதன்கிழமை சாயங்காலம் அச்சகத்து ஃபைல்களை அதில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் நகலெடுத்து, துண்டில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, வியாழன் காலையில் திரும்பக் கொண்டுபோய் மேஜை டிராயரில் பூட்டுவான். வீடு எரிந்தால் டிராயர் இருக்கும், அச்சகம் எரிந்தால் வீடு இருக்கும். எரிவதைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பதில் இந்தப் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

நகலெடுத்ததோடு விடுகிறவனும் இல்லை. மாதம் ஒருமுறை மூன்றாவது டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பான். எடுத்து வைப்பது பெரிசில்லை, திரும்ப எடுக்க முடிகிறதா என்பதுதான் விஷயம் என்று, பேப்பர் லோடு இறக்க வந்தவர் முதல் முதலாளி லட்சுமிகாந்தம் வரைக்கும் ஒருத்தர் விடாமல் வகுப்பு எடுத்திருக்கிறான். லோடு இறக்க வந்தவர் பாதியில் பீடி பற்ற வைத்துக்கொள்வார். முதலாளிக்கு அந்த வசதி இல்லாததால் முழுசும் கேட்டார்.

இப்படிப்பட்டவனிடம்தான் இசைவாணி தன் எழுத்துகளைக் கொடுத்து வைத்திருந்தாள்.

இசைவாணி அவன் பிரிவில் மூன்றாவது ஆள். இருபத்து நாலு வயது. அம்மா வெள்ளைத்தாய் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தினசரிக் காலண்டர் தாளில் தேதிக்குக் கீழே பொடியாக ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் அடிப்பார்களே, அந்தப் பொடி எழுத்தில் மை அடைத்துக்கொண்டு 'ம'வும் 'ழ'வும் வெறும் கறுப்புப் புள்ளியாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எரிச்சல். அம்மா அந்தத் தாளைக் கண்ணுக்கு ஒரு விரற்கடைக்குக் கொண்டுபோய் வாசிப்பாள். அதனால் எத்தனை சின்னதாக அடித்தாலும் வயிறு அடைக்காத எழுத்து ஒன்றை அவளாக வரையத் தொடங்கினாள். வேலை முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு ஒரு மணி நேரம், அச்சகத்துக் கம்ப்யூட்டரில். இரண்டரை வருஷம். நூற்றிச் சொச்சம் வடிவங்கள். எழுத்து அச்சில் எப்படி விழுகிறது என்று பார்க்கப் பெரிசாக அடித்த தாள்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

ஆகஸ்டில் ஒருநாள் லட்சுமிகாந்தம் உள்ளே வந்தவர், திரை நிறைய ஒரு 'ழ' நிற்பதைப் பார்த்துவிட்டு யார் ஆர்டர் இது என்று கேட்டார். யார் ஆர்டரும் இல்லை. கம்பெனி மிஷினில் கம்பெனி வேலைதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டவில்லை, அவருக்கு அது போதும்.

இசைவாணி சி.டி.யில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். பிரபாகரன்தான் சிரித்தான். சி.டி. ஒரு மழைக்காலம் தாங்காது, பூஞ்சை பிடிக்கும் என்றான். அவன் சர்வரில் எப்படியும் எல்லாம் இருக்கிறது.

"மூணு இடத்துல இருக்கு, இசைவாணி. நான் செத்தாக்கூட உன் எழுத்து சாகாது. தைரியமா அழி."

அவள் அழித்தாள். அழிக்கும் முன் சுட்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒருதரம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். பின்னாட்களில் பிரபாகரனுக்குச் சோறு இறங்காமல் நின்றது இந்தத் தலையாட்டலில்தான்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை அச்சகத்தில் மிஷின்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது பிரபாகரன் தன் டிராயரைத் திறந்து டிபன் பாக்ஸைப் பார்த்தான். வீட்டில் இரண்டு டிஸ்குக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. இது ஒன்று மட்டும் இருட்டு டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. மூன்று பிள்ளைகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் துணி எடுத்தது போல அவன் மனசு என்னவோ செய்தது. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தான். திட்டத்தில் இல்லாத பயணம். காலண்டர் தாளின் பின்புறம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் திட்டத்தில் மின்னல், திருட்டு, கரையான், வைரஸ், மாமனார் வீட்டார் வருகை எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. பக்திக்கு இல்லை.

ஞாயிறன்று மூன்றும் சர்வரை விட்டும் டப்பாவை விட்டும் வெளியே வந்து, ஒரே தாம்பாளத்தில் வாழையிலை மேல் வரிசையாகப் படுத்திருந்தன. மனைவி பானுப்பிரியா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, இதில் முகம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு பக்கம் மொழுமொழுவென்று தகடு, மறுபக்கம் பச்சைப் பலகையும் குட்டி குட்டிச் சில்லுகளும். தகட்டில் வை என்று சொல்லியிருக்கலாம்.

"பச்சைப் பக்கம் வை. அதுதான் மூளை" என்றான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்.

அவள் மூளைக்குச் சந்தனம் வைத்தாள், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்தாள். மறுநாள் விஜயதசமி காலையில் திரும்ப ஒருமுறை சந்தனம், அதன் மேல் பன்னீர். சூடம் காட்டி முடிக்கும்போது மணி பத்தே கால். பத்தரைக்கு எமகண்டம். அதற்குள் சர்வரைக் கிளப்பிவிட வேண்டும், நல்ல நேரத்தில் தொடங்கின வேலைதான் வருஷம் பூராவும் ஓடும்.

துணியைக் கையில் எடுத்தான். அதுவும் உண்மை. எடுத்துவிட்டு, போன வருஷம் அச்சகத்தில் மிஷின்மேன் முத்துக்கருப்பன் மிஷின் மேலிருந்த பொட்டைத் துடைத்தபோது, சாமிப் பொட்டை அழிக்கலாமாய்யா, அது தானாத்தான் உதிரணும் என்று நாலு பேர் முன்னால் தான் பேசியது ஞாபகம் வந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு டிஸ்கையும் சர்வரில் மாட்டி சுவிட்சைப் போட்டான். ஒரு சின்ன சத்தம், நகத்தைக் கடித்தது போல. அப்புறம் ஒன்றுமில்லை. கருகின வாசனை வந்திருக்க வேண்டும். ஊதுபத்தியில் தெரியவில்லை.

பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டினான். பக்கத்தில் இன்னொரு பழைய மிஷின் இருந்தது. மணி பத்து இருபத்தாறு. மூன்றாவது டிஸ்கை எடுத்தபோது ஈரச் சந்தனம் விரலில் ஒட்டியது. நன்றாகத் தெரிந்தது, ஈரம்தான். அந்த விரலை நெற்றியில் இழுத்துக்கொண்டு டிஸ்கை மாட்டினான்.

எமகண்டம் சரியாகப் பத்தரைக்குப் பிறந்தது. அதற்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் மதுரையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சங்கிலிமுத்து மூன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கும்பிட்டது சரிதான் அண்ணே, துடைச்சிருக்கக்கூடாதா என்றான். அதே ரக டிஸ்க் எங்காவது பழசாகக் கிடைத்தால் பச்சைப் பலகையை மாற்றிப் பார்க்கலாம், கிடைக்க மாசக் கணக்காகும், அப்படியும் உறுதி சொல்ல முடியாது. கடைப் பையன்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று அதில் ஒன்றை ஷோகேசில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பிரபாகரன் மூன்றையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அச்சகத்தில் இசைவாணி ஒரு கடிதத்தோடு நின்றாள். சென்னையில் எழுத்துரு செய்கிற ஒரு கம்பெனி, அவள் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் வரவும், செய்த எழுத்துருவைச் சி.டி.யில் கொண்டுவரவும். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு வந்தது பொய்தான். மூன்றையும் மாட்டி நகலெடுக்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்கிவிட்டது, மதுரையில் கொடுத்திருக்கிறேன், வியாழனுக்குள் வந்துவிடும் என்றான்.

அவள் நம்பினதுதான் கொடுமை. சாபம் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பான். அவளோ அவனுக்கு ஆறுதல் சொன்னாள். உங்க சாமானும் அம்புட்டும் போயிருக்குமே சார், வீட்ல அக்கா போட்டோவெல்லாம் இருந்துச்சே என்றாள். பக்கத்து சீட்டுக்காரன், பெரிய பேக்கப் சாருக்கே இப்படியா என்று கிண்டலாக இழுத்தபோது, அவள் அந்தச் சீட்டுக்காரனிடம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கொடுத்தாகளென்று ஒரு சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலம் கொண்டுவந்து வைத்தாள். மதுரைக்கும் இங்கனக்குமாக சார் அலைகிறார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். பிரபாகரன் அதைப் பிரிக்காமல் டிராயரில், டிபன் பாக்ஸ் இருந்த இடத்தில் வைத்தான். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் காரம் மூக்கில் ஏறியது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நான் வச்ச சந்தனத்தாலயாங்க என்று பானுப்பிரியா கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் பேசாமல் இருந்துவிட்டான். அந்த மௌனத்தில் பாதிப் பழி அவள் தலையில் இறங்கியது தெரிந்தும் இருந்தான். இரண்டு நாள் அவள் பூஜைப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இசைவாணி வீட்டுக்குப் போனான். அவள் ஓவர்டைம், இன்னும் பஸ் வரவில்லை. வெள்ளைத்தாய் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பகலில் கம்பெனி, சாயங்காலம் வீட்டில் இது. ஒரு தாளை எடுப்பது, நறுக்குவது, பசை தடவிக் கம்பியில் சுற்றுவது, உருவிப் போடுவது. பார்க்காமலே கை செய்தது.

பிரபாகரன் அந்தத் தாளைப் பார்த்தான். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'ணை' இருந்தது.

இசைவாணி கொண்டுவந்த தாள்கள். இரண்டரை வருஷமாக அம்மா அதைத்தான் உருட்டியிருக்கிறாள். முக்கால்வாசி எழுத்து லாரி ஏறிப் போயிருக்கும். அவள் இழைத்து இழைத்து வரைந்த 'ஙை' தீபாவளியன்று பெயர் தெரியாத ஊரில் யார் வாசலிலோ வெடிக்கப்போகிறது. ஆனால் இன்னும் உருட்டாத தாள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தது, உருட்டி அனுப்பாத குழாய் ஒரு சாக்கு இருந்தது.

அவன் மனசு எத்தனை வேகமாக வேலை செய்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு போய் ஸ்கேன் செய்து, ராவும் பகலுமாக உட்கார்ந்து வரைந்து, மதுரையில் கிடைத்துவிட்டது, கொஞ்சம் மட்டும் அழிந்துபோச்சு என்று கொடுத்துவிடலாம். தப்பும் போகும், பேரும் நிற்கும். அந்தப் பெண் நன்றிகூடச் சொல்வாள்.

"அக்கா, இந்தத் தாளை எனக்குத் தர முடியுமா? ஆபீஸ் வேலைக்குக் கொஞ்சம் வேணும்."

"அதுக்கென்ன தம்பி, கொண்டுபோங்க" என்று அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பசை படாத தாளாகப் பார்த்து அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே, "எங்க புள்ளைக்காக அலைஞ்சு பாதியா இளைச்சிட்டீக. சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

பிரபாகரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். டிராயரிலிருந்து எடுத்தது, தாம்பாளம், பச்சைப் பக்கம், துணியைக் கீழே வைத்தது, மதுரை, பொய், இப்போது சொன்ன ஆபீஸ் வேலை வரைக்கும் வரிசை பிசகாமல் சொன்னான். சொல்லும்போதே, சந்தனம் வைக்கச் சொன்னது நான்தான், பானுப்பிரியா இல்லை என்று கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான்.

வெள்ளைத்தாய் கடைசிவரை கேட்டாள். டிஸ்க் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

"தம்பி, எங்க கம்பெனியில பூசைன்னா சாமி படத்தைத் தூக்கிட்டு ரூம் ரூமாப் போவாக. மருந்து ரூம் தனி, திரி ரூம் தனி, ஒண்ணுக்கொண்ணு அம்புட்டுத் தள்ளி. எல்லாத்தையும் ஒரே ரூமுக்குக் கொண்டாந்து குமிச்சு வச்சுச் சூடம் காட்டுனா, கும்புட ஆளு இருக்காது."

மூன்று காப்பி, தள்ளித் தள்ளி இடம் என்று ஆறு வருஷமாக ஊருக்கு வகுப்பு எடுத்தவன், தரையில் உட்கார்ந்தபடி அந்த வகுப்பைக் கேட்டான்.

இசைவாணி வந்து செருப்பைக் கழற்றும்போதே இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டாள். அம்மாதான் சொன்னாள், நாலே வாக்கியத்தில். பிரபாகரன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட விஷயம். இசைவாணி பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கேட்டாள்.

"மாட்டுறதுக்கு முன்னாடி துடைக்கணும்னு உங்களுக்குத் தோணலியா சார்?"

தோன்றவில்லை என்று சொல்லிவிடலாம். அது மறதி, மறதிக்கு மன்னிப்பு உண்டு.

"தோணுச்சு."

"பெறகு?"

"எமகண்டம் வந்துரும்னு..."

அவள் சிரித்தாளா என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. எமகண்டம் என்ற சொல்லை அவள் எத்தனை முறை வரைந்து பார்த்திருப்பாள். அது சின்ன எழுத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும்.

அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்து அவன் முன்னால் வைத்தாள். சாக்கை இழுத்துக் கவிழ்த்தாள். குழாயை ஊறப்போட்டுத்தான் பிரிக்க வேண்டும், இழுத்தால் கிழியும், எழுத்து உள்பக்கம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்தாள். அன்றும் மறுநாளும் மூன்று பேரும் பிரித்தார்கள். உருட்டுகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிரிக்க வரவில்லை. சாக்கு பட்டாசு முதலாளிக்குச் சேர வேண்டியது. அத்தனை குழாயையும் வெள்ளைத்தாய் திரும்ப உருட்டிக் கொடுத்தாள், அதற்கான தாளைப் பிரபாகரன் தூக்கி வந்தான். நறுக்கின துண்டுகளைப் பொருத்தி, இஸ்திரி போட்டு, உருட்டாத தாளோடு சேர்த்து எண்ணியபோது ஐம்பத்து மூன்று எழுத்து தேறியது. 'ழ' இருந்தது, 'ம' இல்லை.

புதன்கிழமை காலையில் பானுப்பிரியாவிடம், அது உன் சந்தனத்தால் இல்லை, என்னால்தான் என்று சொன்னான். அவளுக்கு அது முந்தியே தெரிந்திருந்தது. எப்போது சொல்வான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இசைவாணி இஸ்திரி போட்ட தாள்களோடு சென்னைக்குப் போய் வந்தாள். அவர்களுக்கு எழுத்து பிடித்திருந்தது. ஆனால் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு முழுசாகக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்களாம். இதை அவள் பிரபாகரனிடம் தனியாகச் சொல்லவில்லை. அவன் காதில் விழும்படி பக்கத்து சீட்டுக்காரனிடம் சொன்னாள்.

பிரபாகரன் லட்சுமிகாந்தத்திடம் போய், வேலை நேரம் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் மிஷின் வேண்டும் என்று கேட்டான். எதற்கு என்று கேட்டார். இரண்டாவது முறையாகக் கதை முழுவதும் சொன்னான். முதலாளி முழுசும் கேட்டார், இந்தமுறை ரசித்துக் கேட்டார். மிஷின் கிடைத்தது. அதற்கு விலையாக அந்த வருஷக் காலண்டர் சீசன் முடியும்வரை, வருகிற பார்ட்டிகளிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரபாகரன் பக்கத்திலேயே நின்றான்.

மூன்று மாதம் அவன் ஸ்கேன் செய்த எழுத்தின் மேல் கோடு இழுத்தான். அவள் பின்னால் நின்று, வயிறு இன்னும் கொஞ்சம் திறக்கணும் சார், கால் இம்புட்டு நீளம் வேண்டாம் சார் என்றாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'சார்' இருந்தது. முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டாள். இப்போது ஒவ்வொரு 'சார்' விழும்போதும் அவன் விசிட்டிங் கார்டு ஞாபகம் வந்தது. இல்லாத எழுத்துகளை அவள் மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். பழைய 'ம' இதைவிட நன்றாக இருந்தது என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் திரும்பவில்லை.

பொங்கல் கழிந்து, சென்னை பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சி.டி.

"இதுல எல்லாம் இருக்கு சார். நீங்க ஒண்ணு வச்சுக்கோங்க."

என்னை நம்பியா என்று கேட்டான்.

"அம்மா பெட்டியில ஒண்ணு, முதலாளிகிட்ட ஒண்ணு, காரியாபட்டி சித்தி வீட்ல ஒண்ணு, கையில ஒண்ணு இருக்கு" என்றாள் இசைவாணி, கோபமே இல்லாமல். "இது போனாலும் பரவாயில்லைன்னுதான் உங்ககிட்ட."

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றான். அப்புறம் சி.டி.யை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதன் மேல் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வேட்டி நுனியை எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்தான்.